பவளமில்லாத பார்

புதுக்கவிதையில் கடல் ஒரு படிமமாக இயங்கும் விதம் பற்றிக் கட்டுரை வேண்டும் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டு மூன்று இதழ்கள் வெளிவந்துவிட்டன. குறிப்புகள் எடுத்து வைத்திருக்கிறேன். நாற்பது பக்கம் தேறும். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் மேஜைக்கு இரண்டடி தள்ளி இருக்கும் கண்ணாடித் தொட்டியில் நீர் விழுகிற சப்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து எழுதியதை வாசித்தால் அதில் கடல் இல்லை என்று படுகிறது. ஆகவே, கட்டுரையை எழுத முடியாமல் போன காரணத்தையே எழுதி அனுப்புகிறேன். ஆசிரியர் மன்னிப்பார். மன்னிக்காவிட்டாலும், பக்கம் நிரம்பியாக வேண்டிய கஷ்டம் அவருக்கு உண்டு.

எனக்கு ஊர் நல்லவாடு. புதுச்சேரிக்குத் தெற்கே, சுண்ணாம்பாறு கடலில் சேருமிடத்தைத் தாண்டி இருக்கிற மீனவ கிராமம். அப்பா கட்டுமரத்தில் தொடங்கி இப்போது ஃபைபர் போட்டில் போய்க்கொண்டிருப்பவர். அம்மா கருவாடு போடுகிறாள். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்களில் துடுப்புப் பிடிக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான். கடலைப் பற்றிய கவிதைகளைப் பற்றி எழுதுகிறவனும் நான் ஒருவன்தான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை வெகுநாள் ஒப்புக்கொள்ளாமல் இருந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது பதினாலு வயது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் ஊரில் ஒரு தகவல் மையம் ஏற்படுத்தியிருந்தது. அலையின் உயரம், கடலின் நிலைமை இவற்றை அங்கிருந்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அன்று காலை சிங்கப்பூரில் வேலையிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைக் கேள்விப்பட்டு ஊருக்குப் போன் செய்தார். மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில், ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். 3,600 பேருக்கு மேல் வசித்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வீடுகளும் படகுகளும் போயின. நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கோடு இருந்தது. அம்மா அதன் மேல் எத்தனையோ முறை வெள்ளையடித்துவிட்டாள். மழைக்காலம் வந்தால் உப்புப் பூத்து மறுபடியும் தெரியும்.

அந்தச் சுவரை ஒட்டித்தான் தொட்டியை வைத்தேன்.

"ஏண்டா, அன்னிக்கு உள்ள வந்த தண்ணிய வாரிக் கொட்ட எனக்கு மூணு நாள் ஆச்சு. இப்ப நீ கேன்ல புடிச்சாந்து ஊட்டுக்குள்ள ஊத்தப் போறியா?" என்று அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

பவளப் பாறையை நான் முதலில் பார்த்தது கடலில் அல்ல, ஒரு சுவரில். தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. காரை உதிர்ந்த இடத்தில் முகத்தை நெருக்கி வைத்துப் பார்த்தால் கல் முழுவதும் சிறு குழிகள், மூளையின் மடிப்பைப் போல நெளிந்து செல்லும் வரிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் உட்கார்ந்து, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரந்து, செத்து, அதன் மேல் இன்னொன்று உட்கார்ந்து கட்டியது அந்தக் கல். இது உயிரோடிருந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை.

எங்கள் பக்கத்துக் கரைக்குப் பவளம் ஒத்துவராது. சோழமண்டலம் வெள்ளைக்காரன் வாயில் கோரமண்டல் ஆனது. அதற்குள் 'கோரல்' இருப்பதாகக் கல்லூரியில் படிக்கும்போது நானே நம்பியிருக்கிறேன். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் பவளம் மூச்சுமுட்டிப் போகும். அதற்குத் தெளிந்த நீரும் வெளிச்சமும் வேண்டும்; பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா வரை தெற்கே போக வேண்டும். அப்பாவைக் கேட்டேன். "பவளமா? நம்ம பக்கம் வெறும் பாருதான்" என்றார்.

கடலடியில் மணலுக்கு நடுவே கெட்டியாகக் கிடக்கும் பாறைத் தரைக்குப் பார் என்று பெயர். மீன் அங்கேதான் அடையும். முத்துக் குளித்த நாளிலிருந்து மன்னார்ப் பக்கத்திலும் இதே சொல்தான். அப்பா கரையிலிருக்கும் ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும் ஒரே நேரில் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரின் மேல் படகை நிறுத்துவார். பார் என்றால் உலகம், பார் என்றால் காண் என்று இரண்டு அர்த்தங்கள்தான் எனக்குப் பாடத்தில் இருந்தன. மூன்றாவது அர்த்தம் வீட்டிலேயே முப்பது வருஷம் புழங்கியிருக்கிறது; நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வங்கியில் பவளத்தை அடிக்கடி பார்க்கிறேன். நகைக் கடனுக்கு வரும் தாலிக் கயிற்றில் இரண்டு பவளம் கோத்திருக்கும். மதிப்பீட்டாளர் தராசில் வைத்துவிட்டு, கல்லுக்கும் பவளத்துக்கும் இவ்வளவு என்று கழித்து எழுதச் சொல்வார். எங்கள் பேரேட்டில் பவளம் என்பது கழிக்கப்படும் எடை. அந்தச் சிவப்புப் பவளம் நம் கடலில் விளைந்ததும் அல்ல. மத்தியதரைக் கடலிலிருந்து காலங்காலமாக வருவது. பாறை கட்டும் பவளம் வேறு ஜாதி. அதை நாம் வெட்டிச் சுண்ணாம்பாகச் சுட்டோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, சுற்றியிருந்த பாறையை வெட்டி வெட்டியே நீருக்குள் போய்விட்டன. 1986-இல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் வெட்டுவது நிற்க நெடுநாள் பிடித்தது.

2001-ஆம் ஆண்டிலிருந்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்களும் இருக்கின்றன. உயிருள்ளது, செத்தது என்ற பேதம் கிடையாது. எடுத்தாலோ விற்றாலோ மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. இதெல்லாம் தெரிந்தும் ஒரு நகரத்துக் கடையில், மீன் வாங்கப் போன இடத்தில், "சார், ஒரு அயிட்டம் இருக்கு" என்று கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உறைக்குள் கையளவு பவளம். பழுப்பும் பச்சையுமாக அதன் வாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தனுஷ்கோடிச் சுவரின் குழிகள் திறந்து என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஐந்து நிமிஷம் கையில் வைத்திருந்தேன். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதை என் நேர்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். எனக்கு மே மாதம் ஞாபகம் வந்தது. என் அறையில் தண்ணீர் 33 டிகிரிக்குப் போகும். பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவது ஒரு நுண்பாசி. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி ஏறிச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவே வெளுத்தது. கடலுக்கே முடியாதது என் மின்விசிறிக்கு முடியுமா? செத்துப்போகும் என்று தெரிந்ததால்தான் வாங்கவில்லை.

ஆக, பவளம் இல்லாமல் ஒரு பார் கட்டுவது என்று தீர்மானித்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகாலடி உயரம். பாறையை நானே செய்தேன். சிமெண்ட் ஒரு பங்கு. எங்கள் கரையில் பொறுக்கி இடித்த கிளிஞ்சல் இரண்டு பங்கு. மரக்காணத்துக் கல் உப்பு இரண்டு பங்கு. பிசைந்து ஈர மணலில் குழி பறித்துக் கொட்டி, இறுகிய பின் நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உப்புக் கரைந்து போகும். அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாகும். பாறைக்கு வேண்டியது அந்த ஓட்டைகள்தான். சிமெண்டின் காரம் இறங்க இரண்டு மாதம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். "பாறாங்கல்ல ஊறப்போட்டு வேக வைக்கப் போறானா?" என்று பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைக் கேட்டாள்.

தண்ணீர் அப்பா கொண்டுவந்தார். "கரையோரத் தண்ணி வாணாம்டா, சேறு. பத்து பாகத்துல மொண்டாறேன்." இருபது லிட்டர் கேன் மூன்று. அறுபது லிட்டரில் இரண்டு கிலோ உப்பு இருக்கும். ஊற்றி முடித்து, சின்ன மோட்டாரைப் போட்டதும் நீர் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல வெள்ளம் ஒரே பக்கமா ஓடுதே" என்றார். ஊருக்குள் வெள்ளம் என்றால் அழிவு. கடலில் போகிறவருக்கு வெள்ளம் என்றால் நீரோட்டம். வன்னி, தெண்டி என்று அவரிடம் அதற்குப் பெயர்கள் உண்டு. மறுநாள் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மோட்டார் வைத்து, ஆறு மணிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஓடவிட்டேன். என் புத்தகங்களும் பிற்பாடு அதையேதான் சொல்லின.

பிறகு ஆறு வாரம் தொட்டியில் எதுவும் இல்லை. அம்மாவிடம் ஒரு இறால் வாங்கி உள்ளே போட்டு அழுகவிட்டேன். அழுகலிலிருந்து அம்மோனியா, அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொன்று. முதலிரண்டும் மீனைக் கொல்லும். பாறையின் ஓட்டைகளில் இந்த பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தினமும் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பேன். பச்சையானால் விஷம், மஞ்சளானால் இல்லை. அந்தச் சமயம் கவிஞர் நண்பர் ஒருவர் வந்தார். காலித் தொட்டியின் முன்னால் அரைமணி உட்கார்ந்துவிட்டு, "இதுதான் கவிதை. எதுவுமற்ற நீர்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதில் அன்று அம்மோனியா இருந்தது, நைட்ரைட் இருந்தது, ஒரு இறாலின் ஓடு இருந்தது. ஆனால் அவர் சொன்னது போன்ற வாக்கியங்களை நான் எத்தனை மதிப்புரைகளில் எழுதியிருக்கிறேன் என்று அவர் போன பிறகு யோசித்தேன். எண்ணிக்கை சௌகரியமாக இல்லை.

ஏழாவது வாரம் இரண்டு கோமாளி மீன்கள் வாங்கினேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. கடலில் பிடித்தவை அல்ல. இவற்றைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சுகளுக்கு நுண்ணுயிர் உணவு கொடுத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சியாளர்கள் வெற்றிகரமாகச் செய்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்தவை இவை. பிறக்கும்போது எல்லாம் ஆண். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். அப்பாவுக்கு இந்த விவரம் எதுவும் பெரிதாகப் படவில்லை. ஒன்றைத்தான் திரும்பக் கேட்டார். "அப்ப இது கடலையே பாத்ததில்லையா?" இல்லை என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் எனக்கு எட்மண்ட் காஸ் ஞாபகம் வருகிறார். சரோஜினி நாயுடுவிடம், ஆங்கிலப் பறவைகளை விட்டுவிட்டு உன் தேசத்தை எழுது என்று புத்தி சொன்ன விமர்சகர். அவருடைய அப்பா ஃபிலிப் ஹென்றி காஸ் கடற்கரைக் குட்டைகளை ஆராய்ந்தவர். 1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் திறந்த மீன்காட்சிச் சாலையில் பங்குகொண்டவர். 1854-இல் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு இங்கிலாந்தே கடல்நீரைக் கண்ணாடியில் ஊற்றிவைக்கக் கிளம்பியது. ஒவ்வொரு வரவேற்பறைக்கும் ஒரு கடல் வேண்டும் என்று கரைக்குப் போனவர்கள், குட்டைகளில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, வீட்டில் சாகடித்தார்கள். தகப்பனுக்கு அது தீராத வருத்தமாக இருந்ததை மகன் 1907-இல் வந்த 'ஃபாதர் அண்ட் சன்' நூலில் எழுதுகிறார். பி.ஏ.யில் அந்தப் புத்தகத்தை மத நம்பிக்கைக்கும் சுதந்திர மனத்துக்கும் நடந்த போராட்டமாக எங்களுக்கு நடத்தினார்கள். இப்போது படித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. தகப்பன் இடுப்பளவு நீரில் நின்றவன். மகன் அதைப் பார்த்து எழுதியவன். எழுதியவன் பெரிய விமர்சகனானான். ஆனால் அந்த நூலில் நிலைத்திருப்பது தகப்பன் குனிந்து பார்த்த குட்டைகள்தான்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் நீரின் மேல் விசிறி ஓடவிட்டேன். இரண்டு டிகிரி இறங்கியது. தினம் ஒரு லிட்டர் ஆவியாயிற்று. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தினம் ஒரு லிட்டர் கடல்நீரையே ஊற்றினேன். பத்தாம் நாள் மீன்கள் மூலையில் ஒதுங்கின. சொட்டு மருந்தில் எல்லாம் சரியாக இருந்தது. அம்மா அதுவரை தொட்டிப் பக்கம் வந்ததில்லை. வந்தாள். விரலை விட்டு நாக்கில் வைத்தாள். "கருவாட்டுத் தொட்டித் தண்ணியாட்டம் கெடக்குது" என்றாள். உப்பளவு கருவியை எடுத்துப் பார்த்தேன். லிட்டருக்கு 34 கிராம் இருக்க வேண்டியது 40-ஐத் தொட்டிருந்தது. ஆவியாவது நீர் மட்டும், உப்புத் தங்கிவிடுகிறது. அதன் மேல் தினம் 34 கிராம் உப்பைச் சேர்த்திருக்கிறேன். அசலோடு வட்டி சேர்வதை நாள் முழுக்க மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்கிற உத்தியோகம் என்னுடையது. "குறைஞ்சது நல்ல தண்ணிதானடா? நல்ல தண்ணிய ஊத்து" என்றாள் அம்மா. கடல் குறையும்போது கடலை ஊற்றினால் கடல் கெட்டுவிடும். இதற்கு மேல் இந்த வாக்கியத்தை நான் எங்கும் கொண்டுபோக விரும்பவில்லை.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மின்சாரம் போனது. மோட்டார் நின்றால் தொட்டியில் முதலில் தீர்வது பிராணவாயு. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வைத்திருந்தேன். நடு இரவுக்கு அதுவும் நின்றது. அப்பா படகைப் பார்க்கப் போனவர் கோயில் மண்டபத்திலேயே தங்கிவிட்டார். வெளியே கடல் இரைகிற இரைச்சலில் பேசினால் கேட்காது. அம்மா தூங்கவில்லை, 2004-க்குப் பிறகு அந்த மாதிரி இரவுகளில் அவள் தூங்குவதில்லை. நான் மெழுகுவத்தியோடு தொட்டி முன் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, என்ன என்றாள். காற்று வேண்டும் என்றேன். உள்ளே போய்ச் சொம்பை எடுத்து வந்தாள். தொட்டியிலிருந்து மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றினாள். நுரைத்தது. மறுபடியும் மொண்டாள். வெந்நீர் ஆற்றுகிற மாதிரி, எந்த யோசனையும் இல்லாமல். விடியும்வரை மாற்றி மாற்றி ஊற்றினோம். ஞாயிறு பகலிலும் ஊற்றினோம். வீட்டுக்குள் வந்த கடல்நீரை ஒருமுறை வாரி வெளியே கொட்டியவள் அதே சுவருக்குப் பக்கத்தில் நின்று அதை உள்ளேயே மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது எழுதியிருப்பேன்.

சின்ன மீன் திங்கட்கிழமை செத்துவிட்டது. பெரியது பிழைத்தது. அம்மா செத்ததை ஒரு பூவரச இலையில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். "அது எடத்துல போய்ச் சேரட்டும்" என்றாள். சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பெருகி, கடல் பல நாள் செம்மண் நிறமாகக் கிடந்தது. அப்பா ஒரு நாள் தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டு, "இது ஆத்துத் தண்ணி, வாணாம்" என்று திரும்பக் கொட்டினார். கடலுக்கு முந்நூறு அடி தூரத்தில் இருந்துகொண்டு கடல் உப்பை பாக்கெட்டில் வாங்கி, குடிநீரில் கரைத்து ஊற்றினேன்.

இப்போது தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. என் சிமெண்டுப் பாறை ஊதா நிறம் பூத்திருக்கிறது. சுண்ணாம்பைப் படியவைக்கும் ஒருவகைப் பாசி அது, எந்தத் தண்ணீரில் வந்து ஒட்டியதோ. பவளம் இல்லை. வராது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நான் போட்ட கோடுவரை தினம் காலையில் அம்மா நல்ல தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். சுவர்க்கோட்டுக்கும் அதற்கும் நாலு விரற்கடைதான் வித்தியாசம். மேஜையின் உயரம் அப்படி, நான் திட்டமிட்டதல்ல.

கடலைக் குறியீடு, ஆழ்மனம், முடிவின்மை என்று மாற்றி மாற்றிப் பெயரிட்ட என் குறிப்புகள் பையில் அப்படியே இருக்கின்றன. அவை தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதிய நான் ஒருநாளும் எதையும் மொண்டு ஊற்றியதில்லை என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அதைச் சரிசெய்து எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும். இன்று சனிக்கிழமை. பத்து லிட்டர் தண்ணீர் மாற்றும் நாள். அப்பா கேனோடு வருகிற நேரம்.